உடன்படிக்கைப் பெட்டிக்கு ஒரு முழுப்பக்கம், கெய்ரோ காகிதங்களுக்கு அரை வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பண்டைய இஸ்ரவேலரைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்திருந்ததாக வேதம் சொல்லும் உடன்படிக்கைப் பெட்டி எங்கே புதைந்திருக்கலாம் என்று ஊகங்கள், தொலைந்துபோன பத்துக் கோத்திரங்கள் எந்தெந்த நாடுகளில் வாழலாம் என்று ஒரு வரைபடம், தங்கம் மின்னும் கற்பனை ஓவியம். கடைசிப் பத்தியில், கெய்ரோவில் கிடைத்த சில பழைய காகிதங்களும் ஆய்வில் இருக்கின்றன என்று அரை வரி. அந்த அரை வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு நூலகத்தின் சுவடிப் பிரிவில் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவள். யூதச் சுவடிகளைப் பற்றிய ஆய்வுகளையும், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் பல ஆண்டுகளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். முதலும் முடிவும் இல்லாத ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் யாருக்கு எழுதியது, எந்தக் காலம், எந்தப் பொருள் என்று ஒரு வரியில் குறிப்பு எழுதுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்தவர்கள் இல்லையென்றால் பண்டைய யூத வாழ்க்கையைப் பற்றி உலகத்துக்கு இன்று தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது. உங்கள் கட்டுரையில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கெய்ரோவில் கிடைத்தவை சில காகிதங்கள் அல்ல. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். கடவுளின் பெயர் எழுதிய தாளை எரிப்பதோ குப்பையில் எறிவதோ கூடாது என்பது யூத மரபு. பழுதான பிரதிகளை ஓர் அறையில் சேர்த்து வைத்து, பிறகு மண்ணில் அடக்கம் செய்வார்கள். அந்த அறைக்குத்தான் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில், சேர்த்து வைப்பது நடந்தது. அடக்கம் செய்வது நடக்காமலே போனது. சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு. ஏணி வைத்து ஏறித் தாளை உள்ளே போட வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகள் அப்படிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வேதப் பிரதிகளோடு நிற்கவில்லை. அங்கிருந்த யூதர்கள் பேசியது அரபு. ஆனால் அதை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். அதனால் வணிகக் கடிதம், கடன் பத்திரம், மணமுறிவுச் சீட்டு, பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள் எல்லாமே அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தன. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காப்பாற்றியது.

இது உலகத்துக்குத் தெரிய வந்த கதையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள். இருவரும் விதவைகள். பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தராத காலத்தில் தாங்களாகவே சிரியாக்கும் அரபும் எபிரேயமும் படித்தவர்கள். 1896-ல் கிழக்கு நாடுகளுக்குப் போய்வந்தபோது வாங்கிய கைப்பிரதித் தாள்களில் தங்களுக்குப் பிடிபடாததைக் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞரிடம் காட்டினார்கள். கிரேக்க, சிரியாக் மொழிபெயர்ப்புகளில் மட்டுமே எஞ்சியது என்று எல்லோரும் நினைத்திருந்த சீராக் என்ற பழைய யூத ஞான நூலின் எபிரேயப் பக்கம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஷெக்டர் கெய்ரோவுக்குக் கிளம்பிவிட்டார். செலவை ஏற்றவர் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் தலைவர் சார்லஸ் டெய்லர். கெய்ரோ யூதச் சமூகத்தின் அனுமதியோடு, புழுதி நெஞ்சை அடைக்க அந்த அறைக்குள் வாரக்கணக்கில் இருந்து, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்.

கொண்டுவந்ததோடு கதை முடியவில்லை. ஷெக்டருக்கும் அவர் காலத்தவருக்கும் முக்கியமாகப் பட்டது வேதமும், யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதும், பழைய இலக்கியமும். கணக்குச் சீட்டுகளும் கிழிந்த கடிதங்களும் பெருமளவு பெட்டிகளிலேயே கிடந்தன. 1950-களில் எஸ். டி. கோய்ட்டைன் என்ற அறிஞர் அந்தப் பெட்டிகளை மறுபடி திறக்கக் காரணமானார். ஒதுக்கிவைத்த அந்தச் சீட்டுகளை வைத்தே அவர் மத்தியகால மத்தியதரைக்கடல் யூதச் சமூகத்தின் வாழ்க்கையை ஐந்து பெரிய தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1967-ல் வந்தது, ஐந்தாவது 1988-ல், அவர் இறந்த பிறகு. கேம்பிரிட்ஜில் மீதமிருந்த துண்டுகளைச் சுத்தம் செய்து வகைப்படுத்தும் பணியை 1970-களில் தொடங்கி நடத்தியவர் ஸ்டெஃபான் ரீஃப். உலகம் தேவையில்லை என்று தள்ளிய காகிதக் கட்டுகளை ஒருவர் பிரித்து உட்கார்ந்து படித்ததால் ஒரு சமூகமே திரும்பக் கிடைத்தது. உங்கள் நிருபர் எழுதியிருக்க வேண்டிய புதையல் கதை இதுதான்.

அதில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? ஊரார் அல்-வுஹ்ஷா என்று அழைத்த ஒரு பெண் வணிகத் தரகர் இருக்கிறார். 1100-ஐ ஒட்டிய காலம். சொந்தமாகப் பணம் சம்பாதித்தவர். மணவாழ்வுக்கு வெளியே ஒரு மகனைப் பெற்றவர். பாவநிவாரண நாளன்று தொழுகைக்கு வந்தவரை ஜெபக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள் என்று ஒரு சாட்சிப் பத்திரம் சொல்கிறது. அவருடைய உயிலும் கிடைத்திருக்கிறது. ஜெபக்கூடங்களில் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்குப் பணம் ஒதுக்குகிறார், இரவில் மக்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக. தன்னை வெளியேற்றிய ஜெபக்கூடத்தையும் அவர் விட்டுவிடவில்லை. மகனுக்கு வேதம் கற்பிக்க ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்கிறார். எந்த மத நூலும் இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தன் பக்கங்களில் சேர்த்திருக்காது. இரண்டு சட்டப் பத்திரங்கள் சேர்த்துவைத்திருக்கின்றன.

மைமோனிடிஸின் தம்பி டேவிட் இருக்கிறார். மைமோனிடிஸ் என்றால் யூதச் சட்டத்தையும் தத்துவத்தையும் தொகுத்த மேதை, கெய்ரோவில் மருத்துவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கவலையில்லாமல் படித்துக்கொண்டிருக்க, குடும்பத்துக்காகக் கடல் வணிகம் செய்தது தம்பி. 1170-ஐ ஒட்டி, செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து அண்ணனுக்கு டேவிட் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. வணிகக் கூட்டத்தோடு சேராமல் ஒரே ஒரு துணையோடு பாலைவனத்தைக் கடந்து வந்ததைச் சொல்கிறார். அய்தாபில் வாங்குவதற்கு உருப்படியாகச் சரக்கு இல்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறேன் என்கிறார். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான், வீட்டில் இருப்பவர்கள் மனம் கலங்காமல் பார்த்துக்கொள் என்று எழுதுகிறார். அந்தப் பயணத்தில் அவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு காலம் காய்ச்சலும் துக்கமுமாகப் படுக்கையில் கிடந்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பருக்கு எழுதும்போதும், தன் வாழ்க்கையில் நேர்ந்த எல்லாத் துயரத்திலும் பெரியது இதுதான் என்கிறார். தம்பியின் மனைவியும் சின்ன மகளும் அவர் பொறுப்பில் இருந்தார்கள். நான் இந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பை எத்தனை முறை படித்தாலும், அய்தாபில் சரக்கு இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆபிரகாம் பென் யிஜூ என்ற துனீசிய யூத வணிகர் இருக்கிறார். மங்களூரில் குடியேறி, மேற்குக் கடற்கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். வெண்கலப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தார். மிளகும் இரும்பும் ஏலக்காயும் ஏடனுக்கு அனுப்பினார். 1132-ல் மங்களூரில் ஆஷு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து அவர் எழுதிக்கொடுத்த பத்திரம் கெனிசாவில் கிடைத்தது. அந்தப் பெண்ணையே அவர் மணந்தார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஏடன் நண்பர்கள் அவருக்கு அனுப்பும் பரிசுகளில் எழுதும் காகிதம் அடிக்கடி வருகிறது. இங்கே அது கிடைக்கவில்லை. அதனால் வந்த கடிதத்தின் முதுகிலும், வரிகளுக்கு இடையிலும்கூட அவர் கணக்கும் கவிதையும் எழுதியிருக்கிறார். 1149-ல் ஏடனுக்குத் திரும்பியவர், போரில் சிதறிப்போன தம் சகோதரர்களைத் தேடி எழுதிய கடிதமும் உண்டு. எகிப்திலிருந்து இந்தியா வரை கடிதத்தாலேயே கட்டப்பட்டிருந்த ஒரு யூத உலகம் இது.

பட்டியலாளராக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் துண்டுகள் ஒரே இடத்தில் இல்லை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், மான்செஸ்டர், நியூயார்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ் என்று எத்தனையோ நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரே கடிதத்தின் மேல்பாதி ஒரு நாட்டிலும் கீழ்ப்பாதி இன்னொரு நாட்டிலும் இருப்பது சாதாரணம். கையெழுத்தின் சாய்வு, வரி இடைவெளி, கிழிசலின் ஓரம் இவற்றை வைத்துத்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். முன்பு நினைவாற்றல் மிக்க சில அறிஞர்கள் இதைச் செய்தார்கள். ஃப்ரீட்பெர்க் கெனிசா திட்டம் படங்களை எல்லாம் ஒன்றுதிரட்டியபின் கணினியும் சேர்ந்துகொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2017-ல் பொதுமக்களையும் இந்த வேலைக்கு அழைத்தது. எபிரேயம் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. திரையில் வரும் துண்டில் இருப்பது எபிரேய எழுத்தா அரபு எழுத்தா, அச்சுப்போல நிறுத்தி எழுதியதா அவசரமாகக் கிறுக்கியதா என்று பார்த்துச் சொன்னால் போதும். நானும் சேர்ந்து பிரித்தேன். ஓய்வுபெற்ற பிறகு என் கண்ணுக்கும் பழக்கத்துக்கும் கிடைத்த மிக நல்ல வேலை அது. உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் ஆர்வமாக இப்படிப்பட்ட பணியில் இறங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு இது தெரியவே இல்லையே.

இனி கட்டுரையில் இருந்த பிழைகள். சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த, சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களைப் பற்றி எழுதும்போது, ஏசாயா சுருள் வத்திக்கானில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதாக வந்திருக்கிறது. இல்லை. அது ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. 17 தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்த 54 பத்திகள், நீளம் 7 மீட்டருக்கு மேல். அதன் முழுப் படமும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. சுருள்கள் இன்றைய வேதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன என்பதும் சரியல்ல. ஏசாயா சுருளில் ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலும் எழுத்துக்கூட்டல், சில இடங்களில் சொல்லே வேறு. எரேமியா இன்னும் சுவாரசியம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா புத்தகம் எபிரேயத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. மொழிபெயர்த்தவர் வெட்டிவிட்டாரா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. கும்ரானின் 4-ம் குகையில், 1952-ல், அந்தச் சுருக்க வடிவத்தை ஒத்த எபிரேயத் துண்டும் கிடைத்தது, நீண்ட வடிவத்தின் துண்டுகளும் கிடைத்தன. அதாவது ஒரே புத்தகம் இரண்டு வடிவங்களில் ஒரே காலத்தில் வாசிக்கப்பட்டிருக்கிறது. 2020-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று தோல் துண்டுகளைச் சோதித்தது. பெரும்பாலானவை ஆட்டுத்தோல், எரேமியாவின் சில துண்டுகள் மாட்டுத்தோல். யூதேயப் பாலைவனத்தில் மாடு வளர்க்க முடியாது, ஆகவே அவை வெளியிலிருந்து வந்தவை என்கிறார்கள். ஒரு குகையில் ஒரு நாட்டின் நூல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. இதை எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று சுருக்குவது அந்தச் சுருள்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-களில் சுருள் துண்டுகளைச் சேர்த்த அறிஞர்கள் ஒட்டுநாடாவைப் பயன்படுத்தினார்கள். பசை தோலுக்குள் ஊறி, காலப்போக்கில் எழுத்தையே கருக்கத் தொடங்கியது. 1991 முதல் இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் பாதுகாப்புக் கூடத்தில் அந்த நாடாவை இழை இழையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதே 1991-ல்தான் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடம் இருந்த சுருள் படங்களை எல்லா ஆய்வாளருக்கும் திறந்துவிட்டது. அதுவரை நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பகுதி சிறு குழு ஒன்றின் கைக்குள்ளேயே இருந்தது. வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் உரிமை எந்த அறிஞருக்கும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. திறந்த பிறகுதான் வேலை வேகமெடுத்தது. எம்மானுவேல் டோவ் தலைமையில் சுமார் இருபது ஆண்டுகளுக்குள் அதிகாரப்பூர்வத் தொகுதிகள் ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டன.

கட்டுரை எலிஃபன்டைன் தீவைத் தொடவே இல்லை. பண்டைய இஸ்ரவேலரின் வழிபாட்டைப் பற்றி எழுதுகிறவர் அதை விட்டுவிட முடியாது. நைல் நதியில், அஸ்வானுக்கு எதிரே இருக்கும் தீவு. கி.மு. 5-ம் நூற்றாண்டில் அங்கே பாரசீகப் பேரரசின் படையில் யூத வீரர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். யாஹோ என்று அவர்கள் அழைத்த கடவுளுக்கு அங்கே ஒரு கோவிலும் இருந்தது. பலியிடுவது எருசலேமில் மட்டுமே என்று வேதத்தின் ஐந்தாம் புத்தகமான உபாகமம் சொல்வதாக நாம் படிக்கிறோம். இவர்கள் எகிப்திலேயே பலியிட்டார்கள். கி.மு. 410-ல் பக்கத்துக் க்னும் தெய்வத்தின் பூசாரிகள் உள்ளூர் அதிகாரியோடு சேர்ந்து அந்தக் கோவிலை இடித்தார்கள். கி.மு. 407-ல் யூதேயாவின் ஆளுநர் பகோஹிக்கு இவர்கள் எழுதிய மனு பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. சாக்கு உடுத்தி, உண்ணா நோன்பிருந்து அழுகிறோம், எருசலேம் தலைமைக் குருவுக்கு எழுதினோம், பதிலே இல்லை என்கிறார்கள். கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது, தானியப் படையலும் தூபமும் செலுத்தலாம் என்று. மிருக பலி பற்றி அதில் பேச்சில்லை. அதே கோவிலுக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் நீண்ட பட்டியல் ஒன்றில், யாஹோவோடு அனாத்-பெத்தேல், எஷெம்-பெத்தேல் என்ற வேறு தெய்வப் பெயர்களுக்கும் தொகை ஒதுக்கியிருக்கிறது.

அந்தக் கோவிலில் பணிசெய்த அனனியா என்பவர் கி.மு. 449-ல் தாமெத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்தார். திருமண ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. கணவன் சபையில் எழுந்து மணமுறிவைச் சொல்லலாம், மனைவியும் சொல்லலாம். இருபத்திரண்டு ஆண்டு கழித்துத்தான் தாமெத்தும் அவள் மகளும் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். இந்தக் குடும்பத்தின் பத்திரங்களை 1893-ல் தீவில் வாங்கிய சார்லஸ் வில்பர் என்ற அமெரிக்கர் சில ஆண்டுகளில் இறந்துபோனார். பெட்டிக்குள்ளேயே கிடந்தவை, அவர் மகளின் உயில் மூலம் 1947-ல்தான் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. உடன்படிக்கைப் பெட்டியைத் தேடி எத்தனை பேர் எத்தனை மலை ஏறினார்கள். ஒரு சாதாரணப் பயணப்பெட்டிக்குள் இப்படி ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் காத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் எழுதினால் நம்பிக்கையுள்ள வாசகர்கள் மனம் புண்படும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்து, வேதத்தை நாள்தோறும் வாசிக்கிறவர்கள்தான் இந்த விவரங்களை அதிக ஆசையோடு கேட்கிறார்கள். எருசலேமின் கெத்தெஃப் ஹின்னோம் கல்லறையில் 1979-ல் காப்ரியேல் பர்காய் தோண்டியபோது கிடைத்த இரண்டு சின்ன வெள்ளித் தகடுகளைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். சுருட்டிய அந்தத் தகட்டில், கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர் என்ற, வேதத்தின் எண்ணாகமப் புத்தகத்தில் வரும் ஆசீர்வாதம் கீறப்பட்டிருக்கிறது. கும்ரான் சுருள்களைவிட நானூறு ஆண்டுகள் போலப் பழையது. யாரோ ஒருவர் உடம்பில் அணிந்திருந்த பிரார்த்தனை. அதே சமயம், சினாய்ப் பாலையின் குன்டிலெட் அஜ்ருதில் 1970-களில் கிடைத்த பெரிய மண்ஜாடிகளில், சமாரியாவின் யாவேயையும் அவருடைய அஷேராவையும் (ஒரு பெண் தெய்வம், அல்லது அதன் வழிபாட்டுச் சின்னம்) கொண்டு வாழ்த்து எழுதியிருக்கிறது. இரண்டும் இஸ்ரவேலரின் மரபுதான். தீர்க்கதரிசிகள் ஏன் அவ்வளவு கோபமாகப் பேசினார்கள் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் விளங்குகிறது. தொல்லியல் வேதத்தை நிரூபித்தது, அல்லது பொய்யாக்கியது என்ற இரண்டு தலைப்புகளைத் தவிர வேறு எதுவும் நம் நாளிதழ்களுக்குத் தெரியாதா?

பரபரப்பைத் தேடுவதால் நஷ்டமும் உண்டு. சாலமோன் ஆலயத்தின் ஒரே எச்சம் என்று இஸ்ரேல் அருங்காட்சியகம் பெரும் விலை கொடுத்து வாங்கிய தந்த மாதுளையின் மேலிருந்த எழுத்து பிற்காலப் போலி என்று 2004-ல் அறிவிக்கப்பட்டது. வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் சாக்கடல் சுருள் என்று நம்பி வைத்திருந்த 16 துண்டுகளும் போலி என்று 2020-ல் முடிவு வந்தது. தோல் பழையதுதான், செருப்புத் தோலாக இருந்திருக்கலாம் என்றார்கள். எழுத்து புதியது. முறையாகத் தோண்டி எடுக்காத, எங்கே கிடைத்தது என்று தெரியாத பொருளுக்கு இப்படிச் சந்தை இருக்கும்வரை குகைகளில் திருட்டும் நடக்கும், போலியும் பெருகும். அந்தச் சந்தையின் பசிக்குத் தீனி போடுவதில் முழுப்பக்கப் புதையல் கட்டுரைகளுக்கும் பங்கு இருக்கிறது.

பத்துக் கோத்திரங்களின் வரைபடம் பற்றி ஒரே விஷயம். அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன், இஸ்ரவேலரின் வட நாட்டுத் தலைநகரான சமாரியாவிலிருந்து தான் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் 27 ஆயிரத்துச் சொச்சம் பேர் என்று தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். நாட்டு மக்கள் அனைவரும் அல்ல. மீதிப் பேர் அங்கேயே இருந்தார்கள், தெற்கே யூதாவுக்கும் போனார்கள். அந்த வட நாட்டின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் சமாரியர்கள் இன்றும் நாப்லுஸ் அருகே கெரிசீம் மலையிலும் டெல் அவிவுக்குப் பக்கத்தில் ஹோலோனிலும் வாழ்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் குறைவு. பழைய எபிரேய எழுத்திலிருந்து வந்த தங்கள் எழுத்தில், வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமத்தை எழுதி வாசிக்கிறார்கள். பஸ்கா பண்டிகைக்கு இன்றும் மலைமேல் ஆடு பலியிடுகிறார்கள். இவர்களை விட்டுவிட்டு, எங்கோ கண்காணாத நாட்டில் கோத்திரங்களைத் தேடி அம்புக்குறி போடுவது என்ன நியாயம்?

கடைசியாக வில்னா, இன்று லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸ். இதை எழுதாமல் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர் பேசிய யித்திஷ் மொழிக்கும் அவர்கள் வாழ்வுக்கும் என 1925-ல் தொடங்கிய யிவோ ஆய்வு நிறுவனம் அந்த நகரத்தில் இருந்தது. நாஜிகள் நகரைப் பிடித்த பிறகு, யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதியில் இருந்த யூத அறிஞர்களையே கூட்டிவந்து அதன் நூல்களைத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். முப்பது விழுக்காடு ஜெர்மனிக்கு. மீதி காகித ஆலைக்குக் கூழாக. கவிஞர்கள் ஆப்ரஹாம் சுட்ஸ்கெவர், ஷ்மெர்க்கே காச்செர்கின்ஸ்கி, நூலகர் ஹெர்மன் க்ரூக் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது சட்டைக்குள்ளும் உடம்பைச் சுற்றியும் தாள்களைக் கட்டிக்கொண்டு வாசல் காவலைக் கடந்தார்கள். பிடிபட்டால் அடி, சுட்டுக்கொன்றாலும் கேட்பார் இல்லை. ரொட்டியை மறைத்துக் கொண்டுவர வேண்டிய நேரத்தில் கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டுவந்தார்கள். கெட்டோவுக்குள் சுவர்களிலும் நிலவறைகளிலும் பதுக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. க்ரூக் 1944-ல் எஸ்டோனிய முகாமில் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய சுட்ஸ்கெவரும் காச்செர்கின்ஸ்கியும் திரும்பிவந்து தோண்டி எடுத்தார்கள். பிறகு சோவியத் ஆட்சி அங்கிருந்த யூத அருங்காட்சியகத்தை மூடியபோது மறுபடியும் கூழாலை ஆபத்து. அப்போது அந்தானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர், யூதர் அல்லாதவர், அந்தக் கட்டுகளை வாங்கி, கிடங்காக மாறியிருந்த ஒரு தேவாலயத்துக்குள் மற்றப் புத்தகங்களுக்கு நடுவே மறைத்து வைத்துக் காத்தார். வெளியே சொல்லவும் முடியாது. 1980-களின் இறுதியில் ஒரு பகுதி வெளிப்பட்டது. 2017-ல் லிதுவேனிய தேசிய நூலகத்தில் இன்னும் 1,70,000 பக்கங்கள் இருப்பது அறிவிக்கப்பட்டது.

உல்பிஸைப் பற்றி நம் மொழியில் ஒரு பத்தி வந்து நான் பார்த்ததில்லை. நூலகர் வேலை பார்த்த எங்களுக்கு அவரைவிடப் பெரியவர் யார் இருக்க முடியும்?

ஆகவே ஐயா, என் வேண்டுகோள்கள். முதலில், ஏசாயா சுருள் இருக்கும் இடத்தைப் பற்றியும் எழுத்துக்கு எழுத்து என்ற வரியைப் பற்றியும் திருத்தம் வெளியிடுங்கள். பள்ளி மாணவர்கள் உங்கள் இணைப்பிதழை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். தவறு அப்படியே நிற்கக் கூடாது. அடுத்து, இணைப்பிதழில் ஒரு தொடருக்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு இதழிலும் ஒரே ஒரு தாள் போதும்: டேவிட்டின் கடிதம், வுஹ்ஷாவின் உயில், தாமெத்தின் திருமண ஒப்பந்தம், வண்ணப் படத்தோடு இருக்கும் கெனிசாவின் குழந்தை அரிச்சுவடி. கேம்பிரிட்ஜ் நூலகத்தின் படங்களும் சாக்கடல் சுருள்களின் எண்ணிமத் தொகுப்பும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. அச்சிடுவதற்கு முன் நூலகத்துக்கு எழுதி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், படத்துக்குக் கீழே சுவடி எண்ணைக் கட்டாயம் போடுங்கள். எண் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு ஆர்வமுள்ள வாசகர் மேற்கொண்டு எங்கும் தேட முடியாது. எபிரேயமும் யூத அரபும் தெரிந்த ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துப் போடுங்கள்.

முதல் நான்கு தாள்களுக்கான குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியர் குழு கேட்டால் அடுத்த அஞ்சலிலேயே அனுப்பிவிடுவேன். சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற சுவடிப் பட்டியலாளர்